வெள்ளி ஐந்து முதல் ஏழு வரை

1

எங்கள் தொகுதியில் நல்ல மனிதர் ஒருவர் தேர்தலில் தோற்று இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. பினாங்கில் யாரும் அதை நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. நான் வைத்திருக்கிறேன். அந்தத் தோல்விக்கு நான்தான் காரணம் என்று சில நாட்கள் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையும் பிறகு பறிபோனது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் பிறந்து, பொது நிருவாகத்தில் முதுகலை முடித்து, திருமணமாகி இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் குணா இந்த மண்ணில் பிறந்தவர். புக்கிட் தெங்காவில் மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலைக்குத் தினமும் பாலம் கடந்து போய் வருகிறார். மகள் தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. மூன்று மொழிகளில் பேசுவாள். அவற்றுள் தமிழில்தான் மிகக் குறைவாகப் பேசுவாள். எனக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை உண்டு; வாக்குரிமை கிடையாது. அதாவது, நிரந்தரமாக வேடிக்கை பார்க்கும் உரிமை.

வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல், வாரத்தில் மூன்று நாள் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் தொண்டாற்றப் போனேன். இங்கே உறுப்பினரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. ‘மாண்புமிகு’ என்பதற்கான மலாய்ச் சுருக்கத்தால் ‘ஒய்.பி.’ என்பார்கள். எங்கள் ஒய்.பி.யின் பெயர் அருள்நாதன். முன்பு இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். எதைக் கேட்டாலும், “ஒரு பக்கம் பாத்தா சரிதான். ஆனா, இன்னொரு பக்கம் பாத்தா...” என்று தொடங்குவார்.

மையத்தின் எழுத்தர் ரோசம்மா அக்கா ஒருநாள், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ ஒட்டும் இவ்வூர்த் தமிழில், அவர் காதுபடவே சொன்னார்: “தோசகூட ரெண்டு பக்கமும் ஒரு தடவதான் லா திருப்புவாங்க. நம்ம ஒய்.பி. கருகுற வரைக்கும் திருப்புவாரு.”

ஒய்.பி. சிரித்தார். “கருகாம இருக்கத்தான் திருப்புறேன், ரோசம்மா.”

2

அந்தத் தேர்தல் ஆண்டில்தான் மருத்துவ நிதிச் சட்ட மசோதா வந்தது. திட்டம் எளிமையானது. வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தில் மாதம் ஒரு சிறு பகுதி பொது நிதிக்குப் போகும். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நெடுங்காலம் காத்திருப்பவர்களை, அந்த நிதியைக் கொண்டு தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அரசு கிளினிக்கில் இப்போது போலவே ஒரு வெள்ளி கட்டினால் போதும், அதில் மாற்றமில்லை. வெள்ளி என்பது இங்கே ரிங்கிட். இதை இவ்விடத்திலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். அப்போதும் யாராவது எனக்குச் சொல்லி வைத்திருக்கலாம்.

மக்கள் மசோதாவின் நீண்ட பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு ‘போத்தோங் சட்டம்’ என்று பெயரிட்டார்கள். போத்தோங் என்றால் வெட்டு. சம்பள வெட்டு. ஒரே சொல்லில் மசோதாவின் முதல் பாதி விளங்கிவிட்டது. இரண்டாம் பாதியைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

நான் வளர்ந்த ஊரில் தேர்தல் என்றால் கொடுப்பது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று எங்கள் தெருவின் சமையலறைகளே தேர்தல் வரலாற்றைச் சொல்லும். மருத்துவக் காப்பீட்டு அட்டைகூடச் சிரிக்கும் முகம் அச்சிட்டு வீடு தேடி வந்தது. கொடுப்பதாகச் சொல்லி வாக்குக் கேட்பவர்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, எடுப்பதாகச் சொல்லிவிட்டு வாக்குக் கேட்கக் கிளம்பிய ஒருவரை அருகில் இருந்து பார்ப்பது புதிய கல்வி.

உண்மையில் ஒய்.பி. எளிதில் கிளம்பிவிடவில்லை. பல வாரங்கள் தோசையைத் திருப்பினார். கட்சித் தலைமையோ, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று பெருந்தன்மையுடன் அறிவித்தது. வென்றால் அது கட்சியின் வெற்றி. தோற்றால் உறுப்பினரின் மனச்சாட்சி. எங்கள் தொகுதியில் ஒய்.பி. சென்ற முறையே மயிரிழையில்தான் வென்றிருந்தார். இந்த மசோதாவுக்குக் கை தூக்கினால் பதவி போகும் என்று ரோசம்மா அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கீழ்த்தளத்தில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனப் பெரியவருக்கும் தெரியும்.

அப்போதுதான் முனியாண்டி அண்ணன் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகன் பட்டர்வொர்த்தில் கிடங்கு வேலையில் இருக்கிறான். மேசையில் மருத்துவமனை அட்டை ஒன்றை வைத்தார்.

“நெஞ்சுக்குள்ள மூணு கொழா அடச்சிருக்காம், ஒய்.பி. ஆப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. நீங்களே பாருங்க.”

அட்டையில் இருந்த நாள் அடுத்த ஆண்டு டிசம்பர்.

“அதுவரைக்கும் என்னா பண்ணச் சொன்னாங்கண்ணே?”

“மாத்திரை சாப்புடு, மாடிப்படி ஏறாதேன்னாங்க. நான் எட்டாவது மாடி லா. எங்க பிளாட்ல லிப்ட் கெட்டு மூணு வாரம் ஆச்சு.”

“அப்ப எப்படி இறங்கி வந்தீங்க?”

“எறங்கறதப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லல.”

ஒய்.பி. அன்று மின்தூக்கி நிறுவனத்துக்கு ஐந்து முறை தொலைபேசினார். மாலையில் அறையை விட்டு வெளியே வந்து எங்கள் இருவரிடமும் சொன்னார்: “நான் ஆதரிச்சு ஓட்டுப் போடப் போறேன்.”

“இன்னொரு பக்கம் பாத்தாச்சா?” என்றார் ரோசம்மா அக்கா.

“பாத்தேன். அந்தப் பக்கம் லிப்ட் இல்ல.”

3

மசோதா நிறைவேறியது. எங்கள் ஒய்.பி. எழுந்து நின்று ஆதரித்துப் பேசினார். பக்கத்துத் தொகுதியின் உறுப்பினரும் இவரைப் போலவே நடுவழிக்காரர். வாக்கெடுப்பு அழைப்பு வந்த நேரத்தில் அவருக்குப் பல்வலி வந்து வெளியே போய்விட்டார். இவ்விருவரையும் வாசகர்கள் அருகருகே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் பயின்ற துறையில் இதை ஒப்பீட்டு ஆய்வு என்பார்கள்.

தேர்தலுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. சட்டத்தை மக்களுக்கு விளக்கத் துண்டறிக்கை போடுவது என்று முடிவானது. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என நான்கு மொழிகள். ஒவ்வொரு வரிக்கும் கட்சியின் மாநில அலுவலகம், தலைமையகம், சட்டப் பிரிவு என மூன்று இடங்களில் ஒப்புதல் வாங்க வேண்டும். மலாய்ப் பகுதி மூன்று முறை திருத்தப்பட்டுத் திரும்பியது. ஆங்கிலப் பகுதியில் ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாள் போனது. தமிழ்ப் பகுதி மட்டும் ஒரே நாளில், ஒரு கீறல்கூட இல்லாமல் முழு ஒப்புதலோடு வந்தது. எனக்குப் பெருமை தாளவில்லை. மூன்று அலுவலகங்களிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதை ரோசம்மா அக்கா பிறகுதான் சொன்னார்.

கிளினிக் கட்டணம் ஏறப் போகிறது என்ற வதந்தி அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதைத் தீர்க்கவே தொகுதியின் பொது மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் ஏற்பாடு செய்தோம். அந்தக் கூட்டத்தின் அறிவிப்பு, துண்டறிக்கையின் கடைசியில், தடித்த எழுத்தில், ஒரு கட்டத்துக்குள் வர வேண்டும். கட்டம் சிறியது. என் தந்தை மன்னார்குடியில் தனிப்பயிற்சி நடத்தியவர். எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கும்: ‘கணக்கு: வெள்ளி 6 முதல் 8 வரை.’ சொற்சிக்கனத்தை அந்தப் பலகையிடம் கற்றவள் நான். கட்டத்துக்குள் இப்படி எழுதினேன்:

கிளினிக் கட்டணம் பற்றிய விளக்கம்
வெள்ளி 5 முதல் 7 வரை

‘கிழமை’ என்ற சொல்லை நானேதான் வெட்டினேன். இடம் மிச்சமானது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பசாரில் ‘கீரை ஒரு கட்டு எத்தன வெள்ளி?’ என்று நாளும் கேட்டவள்தான். நாக்கு எப்போதோ பினாங்குக்கு வந்துவிட்டது. பேனா மட்டும் மன்னார்குடியை விட்டுக் கிளம்பவில்லை.

4

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள் இருந்தன. இரண்டு தட்டு நிறையக் கறிபாப், அதாவது இவ்வூர்ச் சமோசா, இருந்தது. சீனர்கள் சிலரும் மலாய்க்காரர் சிலரும் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். தமிழர் பகுதியாக நாங்கள் பிரித்து வைத்திருந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

“நம்ம ஆளுங்க இதுல ரொம்ப நம்பிக்க வச்சிருக்காங்க போல. கேள்வியே இல்ல பாரு,” என்றார் ஒய்.பி.

ஆறு மணிக்கு என்னை அழைத்துப் போகக் குணாவும் தர்ஷினியும் வந்தார்கள். தர்ஷினி கறிபாப் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பிடிக்கத் துண்டறிக்கை ஒன்றையும் எடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“அம்மா, கிளினிக் ஃபீஸ் ஃபைவ் டு செவன் வெள்ளியா? டாடி ஒன் வெள்ளின்னுதானே சொன்னாரு?”

“எங்கே போட்டிருக்கு?”

“இதோ. கிளினிக் கட்டணம். வெள்ளி அஞ்சு முதல் ஏழு வரை. பெருசா போட்டிருக்கே.”

குணா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை காலமும் மகளின் தமிழ் தேய்கிறதே என்று நான் கவலைப்பட்டிருந்தேன். அவளோ இந்த ஊரின் தமிழைச் சரியாகத்தான் படித்தாள்.

அடுத்த நாள் காலை, காப்பிக்கடைக்கு நானே போனேன். முனியாண்டி அண்ணனும் அவருடைய நண்பர்கள் சிலரும் என் துண்டறிக்கையை மேசை நடுவில் விரித்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“அஞ்சுன்னா சாதாரணக் காய்ச்சலு. ஏழுன்னா டெங்கியா இருக்கும்,” என்றார் ஒருவர்.

“இல்ல லா. காலையில போனா அஞ்சு. கூட்டமான நேரத்துல போனா ஏழு. பார்க்கிங் மாதிரி.”

“அண்ணே, அது காசு இல்லண்ணே,” என்றேன். “வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம்னு அர்த்தம். நான்தான் எழுதினேன். கட்டணம் ஒரு வெள்ளிதான், மாறாது.”

முனியாண்டி அண்ணன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“தங்கச்சி, ஒன்ன மாட்டிவிட்டுட்டாங்களா?”

மையத்துக்கு ஓடிவந்து ஒய்.பி.யிடம் துண்டறிக்கைத் தமிழில் ஒரு பிழை என்று மட்டும் சொன்னேன். என்ன பிழை, யாருடையது என்று சொல்ல நா எழவில்லை. மறுவாரம் திருத்த அறிக்கை போட்டோம்: ‘கிளினிக் கட்டணம் ஒரு வெள்ளி மட்டுமே.’ அதைப் படித்துவிட்டு மக்கள் மகிழ்ந்தார்கள். “சத்தம் போட்டதும் அஞ்சுல இருந்து ஒண்ணுக்கு எறக்கிட்டாங்க பாத்தியா? தேர்தல் முடியட்டும், திரும்ப ஏத்துவாங்க” என்று பேசிக்கொண்டார்கள். தெளிவான மொழியில் உண்மையைச் சொன்னால் மக்கள் ஏற்பார்கள் என்று என் முதுகலை ஆய்வேட்டின் இறுதி இயலில் எழுதியிருந்தேன். நல்லவேளை, அதைப் படித்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

5

தேர்தலில் ஒய்.பி. தோற்றார். பல்வலிக்காரர் முன்பைவிட நன்றாக வென்றார்.

மையத்தைக் காலி செய்த நாளில், கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் அவரிடம் உண்மையைச் சொன்னேன். “ஒய்.பி., அந்தத் தமிழ்த் துண்டறிக்கை... அந்தப் பிழை என்னுடையது. அதனால்தான் நம்ம ஆட்கள் மாறிட்டாங்க. நீங்க தோத்ததுக்கு நான்தான் காரணம்.”

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஏதோ நல்ல செய்தி கேட்டவர் போல ஆனது முகம்.

“நிசமாவா, வாசுகி?”

“நிசமாத்தான்.”

“அப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். ஒரு சொல்லால தோத்தேன்னா, சட்டத்த ஜனங்க வெறுக்கலன்னு ஆகும்ல?”

ரோசம்மா அக்கா வாக்குச்சாவடி வாரியான முடிவுத் தாள்களை அவர் மடியில் போட்டார். “ரெண்டு பேரும் இதப் பாத்துட்டு அழுங்க. நம்ம ஆளுங்க மட்டுமா கைவிட்டாங்க? சீனவங்க இருக்கிற பக்கமும் அதே அளவு எறங்கியிருக்கு. மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்பமும் அதேதான். அவங்க நோட்டீஸ்ல தப்பே கெடையாது.”

தாள்களை நான் மூன்று முறை பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிழையற்ற சீனமும், காற்புள்ளி திருத்திய ஆங்கிலமும், மூன்று ஒப்புதல் பெற்ற மலாயும் என் தமிழுக்கு நிகராகவே வாக்குகளை விரட்டியிருந்தன. என் பிழைக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். ஏனோ சிறிது மானக்கேடாக இருந்தது.

கட்சி மட்டும் பிற்பாடு வெளியிட்ட அறிக்கையில், தோல்விக்குக் காரணம் ‘மக்களிடம் கருத்தைக் கொண்டு சேர்ப்பதில் ஏற்பட்ட குறைபாடு’ என்றது. மனச்சாட்சி குறித்து அதில் ஒரு வரியும் இல்லை.

இந்த ஓராண்டில் நான் எடைபோட்டுப் பார்த்தது இவ்வளவுதான். மக்கள் சட்டத்தை நேரில் பார்ப்பதில்லை; அதற்குக் கை தூக்கியவரைத்தான் பார்க்கிறார்கள். வெட்டு இந்த மாதச் சம்பளத்தில் தெரியும். பயன் யாருக்கோ, எப்போதோ வரும். ஓரத்தில் நிற்பவர்களுக்கு அவரவர் கூட்டம் அரணாக இருக்கிறது. நடுவில் நிற்பவருக்கு நடு மட்டும்தான் இருக்கிறது. இது அநீதி என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால், கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவனின் சம்பளத்தில் வெட்டினால் அவன் கோபப்படக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? என் கணவர் சம்பளத்தில் முதல் வெட்டு விழுந்த மாதம் நான்கூட ஒரு கணம் முகம் சுளித்தேன். வாக்குரிமை இல்லாததால் அது யாரையும் பாதிக்கவில்லை.

6

சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை நீக்குவேன் என்று முழங்கி வென்ற புதிய ஒய்.பி., இப்போது அது ஆய்வில் இருப்பதாகச் சொல்கிறார். பல்வலிக்காரர் நிதியைக் கண்காணிக்கும் குழுவில் இருக்கிறார். அருள்நாதன் மாணவர்களுக்கு வீட்டிலேயே அறிவியல் சொல்லிக்கொடுக்கிறார். தர்ஷினியை அங்கே சேர்த்திருக்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவளை அழைத்துவரப் போனபோது, முனியாண்டி அண்ணன் அங்கே கைப்பேசியை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. அடுத்த வியாழக்கிழமை தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை, கட்டணம் இல்லை என்று குறுஞ்செய்தி வந்திருந்தது.

“ஸ்கேம் தானே, ஒய்.பி.?” என்றார். “தனியார் ஆஸ்பத்திரியில எவன் லா சும்மா செய்வான்? ரெண்டு தடவ அழிச்சிட்டேன். திரும்ப வருது.”

“ஸ்கேம் இல்லண்ணே. அந்தச் சட்டத்துலதான் வருது.”

“எந்தச் சட்டம்?”

“போத்தோங் சட்டம்.”

முனியாண்டி அண்ணன் கைப்பேசியை மடியில் வைத்தார். “மகன் சம்பளத்துல வெட்டுறாங்களே, அதுவா?”

“அதேதான்.”

“சரி, நீங்க சொன்னா நம்புறேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் குடுங்க.”

“லெட்டர் தேவையே இல்லண்ணே. யாரையும் கெஞ்ச வேணாம்னுதான் அந்தச் சட்டமே. நான் இப்ப ஒய்.பி.யும் இல்ல.”

“ஓட்டு வேற லா. லெட்டர் வேற. சும்மா எழுதுங்க.”

அருள்நாதன் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் இருந்து தாள் கிழித்து, ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். முனியாண்டி அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சாப்பு எங்க?”

முத்திரைக் கட்டையைத் தோற்ற மறுநாளே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றார் அருள்நாதன்.

“சாப்பு இல்லாத லெட்டர எவன் நம்புவான்? நான் போகல. டிசம்பர்லயே செஞ்சுக்கறேன்.” எழுந்தவர், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒக்காருங்கண்ணே,” என்றார் அருள்நாதன். “சாப்பு வேணாம். வியாழக்கிழமை நானே கூட வர்றேன்.”

மகனுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. குணாவின் காரை நான் ஓட்டிப் போனேன். பதிவு முகப்பில் யாரும் கடிதம் கேட்கவில்லை. பெயரை ஒரு முறை தட்டினார்கள், வந்தது. முனியாண்டி அண்ணன் அதில்தான் மிகவும் கலங்கிப்போனார். “இவ்வளவுதானா?” என்று இரண்டு முறை கேட்டார்.

துணைக்கு வந்தவர் கையெழுத்திட வேண்டிய படிவத்தை இளம் மலாய்த் தாதி ஒருத்தி கொண்டுவந்தாள். அருள்நாதன் பெயரை எழுதி முடித்தார். அடுத்த கட்டத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று இருந்தது. பேனா அங்கே நின்றது.

“இவர் உங்களுக்கு என்ன வேணும், ஐயா?” என்று தாதி முனியாண்டி அண்ணனிடம் மலாயில் கேட்டாள்.

“எங்க ஒய்.பி.,” என்றார் அவர், சக்கர நாற்காலியில் நிமிர்ந்தபடி. பிறகு, ஒளிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்: “ஆனா போன தேர்தல்ல நான் இவருக்குப் போடல.”

தாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அருள்நாதன் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.